கேட்டவுடன் ஓம் என்பவர்கள்

என் மனைவியைக் கட்டைபறிச்சான் பள்ளிக்கூடத்துக்கு மாற்றியபோது எங்கள் மகளுக்கு எட்டு வயது. மனைவி மாதத்தில் ஒருமுறை லோஞ்சுப் படகில் குடாக்கடலைக் கடந்து வந்து போவாள். “அம்மா எப்ப எங்களோடயே இருப்பா?” என்று பிள்ளை கேட்கும்போதெல்லாம், “வாற பள்ளித் தவணை” என்று வாய் கூசாமல் சொல்லிவந்தேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மனைவிக்குப் பார்சல் போகும். கட்டைபறிச்சானுக்கு மூதூரில் இறங்கித்தான் போகவேண்டும் என்பதால், மூதூர் லோஞ்சில் ஏறும் யாரிடமாவது கொடுத்துவிடுவதுதான் வழக்கம். ஆளைத் தெரிவுசெய்வதில் நான் பெரிய விண்ணன் என்று எனக்கு நினைப்பு. மடிப்புக் கலையாத சட்டை, பணிவான கதை, கேட்டவுடன் மறுக்காமல் ஓம் சொல்லும் வாய், இவைதான் நம்பத்தக்க மனிதரின் அடையாளம் என்று மகளுக்குப் பாடமே நடத்தியிருக்கிறேன்.

அப்படி ஒருவர், “ரீச்சற்ற வாசலிலேயே குடுக்கிறன்” என்று சிரித்தபடி பார்சலை வாங்கிப்போனார். உள்ளே மனைவியின் திருத்திய மூக்குக்கண்ணாடியும், மகள் தாய்க்கு எழுதிய முதல் கடிதமும் இருந்தன. பின்னேரமே லோஞ்சுக்காரர் பார்சலை வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுவந்தார். அந்த மனிதர் அதைத் தான் இருந்த வாங்குப் பலகையிலேயே விட்டுவிட்டு இறங்கிப்போயிருந்தார். அவர் மட்டும் எதிரில் நின்றிருந்தால் அன்று நல்ல ஏச்சு வாங்கியிருப்பார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை துறையில் மகள், “நான் ஆளைப் பார்க்கிறன்” என்றாள். உடனே சம்மதித்த இரண்டு பேரை விட்டுவிட்டு, மீன் மணக்கும் சாரன் கட்டி நின்ற மூதூர் வியாபாரி ஒருவரிடம் போனாள்.

“கட்டைபறிச்சானுக்குப் போக எனக்கு ஏலாது மகள்” என்றார் அவர். “அந்தப் பக்கம் போற ஆரையும் கண்டால் குடுத்து விடுறன். காணாட்டி வாற கிழமை உங்களிட்டயே திருப்பித் தருவன்.”

மகள் பார்சலை அவர் கையில் கொடுத்தாள். அது புதன்கிழமை சேர்ந்துவிட்டதென்று பிறகு அறிந்தோம்.

வீட்டுக்கு நடக்கும்போது, “ஏன் அவரைப் பிடிச்சனி?” என்று கேட்டேன்.

“ஏலாததை ஏலாதெண்டு சொன்னார். நீங்களும் அந்தச் சட்டைக்காரர் மாதிரித்தான் அப்பா, கேட்ட உடன சொல்லுவீங்கள்.”

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. “அம்மாவுக்கு எப்ப மாற்றம் கிடைக்குமெண்டு எனக்குத் தெரியாது பிள்ளை. வாற தவணை எண்டது பொய்” என்றேன்.

அவள் அழுதாள். தேற்ற வாயெடுத்தேன். வந்ததெல்லாம் இன்னொரு பொய்யாக இருந்ததால் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன்.

“தீபாவளிக்காவது வருவாவோ?”

“கடல் குழம்பாட்டி வருவா. குழம்பினால் லோஞ்சு ஓடாது.”

“சரி” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வாற தவணை என்றபோது ஒருநாளும் அவள் சரி என்றதில்லை. இத்தனை மாதமும் நான் சொன்னதில் ஒரு சொல்லைக்கூட அவள் நம்பியிருக்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.