தென்னேரிக் கல்யாணத்துக்குப் போன மார்க்குப் புத்தகம்

காஞ்சிபுரத்தில் எந்தக் கோயிலை முதலில் பார்ப்பது, எந்தக் கடையில் புடவை எடுப்பது என்று கேட்டு ஆளாளுக்கு எழுதுகிறீர்கள். எனக்கு அது சொந்த ஊர். சொந்த ஊரில் எவள் ஊர் சுற்றிப் பார்க்கிறாள்? சின்ன காஞ்சிபுரத்தில் பெண்கள் அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்தேன். வீடு விட்டால் பள்ளி, பள்ளி விட்டால் வீடு. அதனால் எனக்குத் தெரிந்த ஒரே பயணத்தை எழுதுகிறேன். 1968, ஆனி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. போன தூரம் பதினைந்து மைல்.

அதுவரை எங்கள் பள்ளியிலிருந்து ஒரு பெண்கூடப் பட்டணத்துக் கல்லூரிக்குப் போனதில்லை. அந்த வருஷம் காமாட்சி எஸ்.எஸ்.எல்.சி.யில் கணக்கில் தொண்ணூற்றாறு வாங்கிவிட்டாள். பி.யு.சி. சேர மெட்ராஸில் ஒரு பெண்கள் கல்லூரியிலிருந்து நேர்முகத்துக்கு அழைப்பு வந்தது. திங்கள்கிழமை காலை பத்து மணி. மார்க்குப் புத்தகத்தின் அசல் இல்லாமல் வரக்கூடாது என்று கடிதத்தில் அடிக்கோடிட்டிருந்தார்கள்.

மார்க்கு இருந்தது, வாய்தான் இல்லை. புது ஆள் யாராவது பெயர் கேட்டால்கூட அந்தப் பெண் தன் கால் கட்டைவிரலைப் பார்ப்பாள். ஒரு மாதம் தினமும் சாயங்காலம் நாலரை முதல் ஆறு வரை உட்காரவைத்துக் கேள்வி கேட்டேன். கெஞ்சினேன், அதட்டினேன், முறுக்குகூட வாங்கிக் கொடுத்தேன். முறுக்கைத் தின்றாள். பேசவில்லை.

ஞாயிறு காலை ஆறரைக்கு அவள் அப்பா ஏகாம்பரம் மகளையும் இழுத்துக்கொண்டு என் வாசலில் வந்து நின்றார். பட்டுக் கடையில் புடவை மடிக்கிற வேலை அவருக்கு. மடிப்பு நலுங்காமல் இருக்க உள்ளே ஓர் அட்டையை வைத்து மடிப்பார்கள். ஒரு நாளைக்கு நாற்பது, ஐம்பது புடவை அவர் கையில் புரளும்.

"மோசம் போய்ட்டேன் டீச்சர்மா! புக்கைப் புடவைக்குள்ள வெச்சு மடிச்சுட்டேன்!"

முந்தின நாள் நகலில் கையெழுத்து வாங்கத் தாலுகா ஆபீசுக்குப் போய்விட்டு, புத்தகத்தோடு நேரே கடைக்கு வந்திருக்கிறார். பக்கத்தில் வைத்துக்கொண்டு வேலையில் உட்கார்ந்திருக்கிறார். கை பழக்கத்துக்கு எதையோ எடுத்தது, வைத்தது, மடித்தது. காலையில் பையைத் திறந்தால் உள்ளே வெறும் அட்டை பத்திரமாக இருக்கிறது.

"எந்தப் புடவைன்னாவது தெரியுமா?"

"கூறைப் புடவைமா. அரக்கு. குஞ்சம் கட்டக் குடுத்துட்டு நேத்து வந்து வாங்கிக்கினு போனாங்க. தென்னேரி. இன்னிக்குப் பத்தரைக்கு மேல பன்னண்டுக்குள்ள முகூர்த்தம்."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த மனுஷனையே நாலாக மடித்திருப்பேன். காமாட்சி கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஏழரை மணி பஸ்ஸைப் பிடித்தோம். வாலாஜாபாத் பத்து மைல், தலைக்கு நாற்பத்தைந்து பைசா, ஐம்பது நிமிஷம். அங்கிருந்து தென்னேரிக்கு மாட்டு வண்டிதான் கிடைத்தது. இரண்டு ரூபாய் கேட்டான், ஒன்றரைக்கு இறங்கினான்.

"எவ்ளோ தூரம்பா?"

"அஞ்சு மைலுதாம்மா. மாடு நல்ல மாடு, அவசரப்படாது."

அவன் சொன்னதில் ஒரு பொய் கிடையாது. மாடு அவசரப்படவே இல்லை. ஒன்பதுக்குக் கிளம்பிய வண்டி ஏரிக்கரையை எட்டும்போது மணி பத்தே முக்கால். ஏகாம்பரம் வழி நெடுகத் தலையில் அடித்துக்கொண்டு வந்தார். நானும் நிறுத்தச் சொல்லவில்லை.

தென்னேரி ஏரி பெரிசு. கரை வளைந்து வளைந்து போகிறது, காற்று அள்ளிக்கொண்டு போகும். அந்தக் காற்றோடு ஒலிபெருக்கிச் சத்தம் வந்தது. பாட்டு இல்லை. கரகரவென்று ஓர் ஆம்பளைக் குரல்:

"கணக்கு... தொண்ணூத்தாறு! விஞ்ஞானம்... எம்பத்தெட்டு!"

காமாட்சி வண்டியிலேயே எழுந்து நின்றுவிட்டாள்.

நடந்தது இதுதான். கூறைப் புடவையைத் தட்டில் வைத்துப் பெரியவர்கள் தொட்டு ஆசீர்வாதம் பண்ணச் சபையில் கொண்டுபோயிருக்கிறார்கள். மாப்பிள்ளையின் மாமா, செங்கல்பட்டில் வக்கீல் குமாஸ்தா, தொட்டவர் மடிப்புக்குள் கெட்டியாக ஏதோ இருக்கிறதே என்று உருவிப் பார்த்திருக்கிறார். மார்க்குப் புத்தகம்! பெயர் காமாட்சி. கல்யாணப் பெண் பெயரும் காமாட்சி. (எங்கள் பக்கத்தில் தெருவுக்குப் பத்துக் காமாட்சி, தெரியாதவர்கள் தெரிந்துகொள்ளுங்கள்.) பெண் வீட்டார் அடக்கமாக ஒளித்துவைத்த பெருமை என்று நினைத்து, மைக்கைப் பிடித்துவிட்டார். பெண்ணின் அப்பா மறுக்கவும் தைரியம் இல்லாமல், ஒத்துக்கொள்ளவும் முடியாமல், ஈ என்று இளித்துக்கொண்டு நின்றார்.

ஏகாம்பரம் பந்தலுக்குள் ஓடி நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். "ஐயா, அது எம்பொண்ணு புக்குங்க! நாளைக்கு இன்டர்வியூங்க!"

குமாஸ்தா புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டார். கோர்ட்டு வாசலிலேயே காலம் தள்ளியவர் அல்லவா, சாட்சி இல்லாமல் விடுவாரா? "ரெண்டு பேரும் காமாட்சின்னா எப்படி? தொண்ணூத்தாறு வாங்கினவ எவளோ, அவளோடது. கேட்டுடுவோம். ஒரு ஏரியில மூணு மதகைத் திறந்தா ஆறு நாள்ல வடியுது. ரெண்டு மதகைத் திறந்தா எத்தனை நாள்?"

மணப்பெண் நிமிர்ந்து பார்த்தாள். "எனக்குத் தெரியாது மாமா. எட்டாவதோட நிறுத்திட்டாங்க."

அவள் அப்பா தரையைப் பார்த்தார். மாப்பிள்ளை மாலையைச் சரிசெய்துகொண்டு, "எனக்கும் தெரியாது மாமா. சாஸ்திரிகள் காத்துக்கினு இருக்காரு," என்றான். அந்தப் பிள்ளை நன்றாக இருக்கட்டும்.

மைக்கு எங்கள் காமாட்சியிடம் வந்தது. நானூறு பேர் பார்க்கிறார்கள். இவள் கட்டைவிரலைப் பார்க்கிறாள். புத்தகம் போச்சு, சீட்டு போச்சு, எல்லாம் போச்சு. சொல்லுடி, சொல்லித் தொலையேன்டி என்று உள்ளுக்குள் கத்தினேன்.

குமாஸ்தா பத்து எண்ணிப் பார்த்தார். "தெரியலை இல்ல? நானே சொல்றேன். மூணுக்கு ஆறு, ரெண்டுக்கு நாலு. நாலு நாள்!"

"தப்புங்க."

ஏரி முழுக்கக் கேட்டது அந்தச் சத்தம். யார் பேசியது என்று நானே திரும்பிப் பார்த்தேன்.

"மதகு கொறைஞ்சா நாள் கூடும்ங்க, எப்படிக் கொறையும்? ஒம்போது நாளு. அதுவும் மேல இருந்து தண்ணி வரத்து இல்லேன்னாத்தான்."

ஏரிப் பாசனத்துக்காரர்கள் கூடிய சபை. ஒருவர் துண்டை உதறிக்கொண்டு எழுந்தார். "யோவ், பொண்ணு சரியாத்தான் சொல்லுது, புக்கைக் குடுய்யா!" பந்தல் சிரித்துக் குலுங்கியது. குமாஸ்தா அட்சதை மஞ்சள் ஒட்டிய கையோடு புத்தகத்தைக் கொடுத்தார். தாலி கட்டியதைப் பார்த்துவிட்டு, சாப்பிட்டுவிட்டுத்தான் கிளம்பினோம். வடை பிரமாதம்.

மறுநாள் விடிகாலை ஐந்தரைக்கு மெட்ராஸ் பஸ். கல்லூரியில் மூன்று அம்மாக்கள் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார்கள். நான் கதவோரம். புத்தகத்தில் ஏன் இவ்வளவு மஞ்சள் என்று பிரின்சிபால் கேட்டார். காமாட்சி புடவை மடிப்பில் ஆரம்பித்து மதகுவரை கதை முழுக்கச் சொன்னாள். மூன்று அம்மாக்களும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்கள். சீட்டு உறுதி என்றார்கள்.

கடைசியாக, "இவ்வளவு நன்றாகப் பேசுகிறாயே, யார் தயார் பண்ணினது?" என்றார் பிரின்சிபால். நான் முந்தானையைச் சரிசெய்துகொண்டேன்.

"செங்கல்பட்டு குமாஸ்தா ஒருத்தருங்க. தப்பா சொன்னாரு."

இப்போது போகிறவர்களுக்கு: வாலாஜாபாத்திலிருந்து தென்னேரிக்கு வண்டி வசதி எல்லாம் வந்துவிட்டது. ஏரியைக் கார்த்திகைக்குமேல் பாருங்கள், நிறைந்திருக்கும். சான்றிதழை யாரிடமும் கொடுத்துவைக்காதீர்கள், பெற்ற அப்பாவாக இருந்தாலும்.

பிள்ளைகளைக் கல்லூரிக்குத் தயார் செய்கிற டீச்சர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். அந்தப் புதன்கிழமை முதல் நான் கரும்பலகையில் தினம் ஒரு கணக்கைத் தப்பாகப் போட ஆரம்பித்தேன். முதல் வாரம் ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. நானும் விடவில்லை. மூன்றாவது வாரம் ஆய்வாளர் வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். ஏழெட்டு ஐம்பத்து நான்கு என்று எழுதினேன். அவர் பேனாவை எடுப்பதற்குள் நாற்பத்திரண்டு பெண்களும் எழுந்து நின்று கத்தினார்கள்: "தப்பு டீச்சர்!"