ஷூவுக்குள் இருந்த இரண்டாவது துப்பாக்கி

அன்று அந்த வீட்டில் இருந்தவர்கள் ஆறு பேர். நான். என் முதலாளி தண்டபாணி அண்ணா. வீட்டுக்கார அம்மா மாலதி. அவர் கணவர் கார்த்திக். அவர்கள் மகன் நிகில், ஐந்து வயது. அவனோடு விளையாட வந்திருந்த பக்கத்து வீட்டுப் பையன், அவன் பெயர் தெரியாது. துப்பாக்கிகள் இரண்டு. இரண்டும் எங்களோடு வந்தவை.

பிளானோவில் எங்கள் நகைக்கடையில் இப்போது புதிதாகச் சேர்ந்திருக்கும் பையன்கள், "வெளிய நகை எடுத்துட்டுப் போறப்ப ரெண்டாவதா ஒண்ணு வெச்சுக்கலாமாண்ணா?" என்று கேட்கிறார்கள். டெக்சஸில் இது சாதாரணக் கேள்வி. வாயால் சொன்னால் பாதி விட்டுப்போகும் என்று எழுதி வைக்கிறேன். நான் ஒன்பதாவதோடு நின்றவன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

1. ஜாம் ஆயிருச்சுன்னா?

என் சுபாவத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் பயப்படுகிற ஆள். கோயம்புத்தூரில் சேல்ஸ்மேனாக இருந்தபோதே ஷட்டரைப் பூட்டிவிட்டு பஸ் ஸ்டாப் வரை போய், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பேன். அக்கா ஸ்பான்சர் பண்ணி கிரீன் கார்டில் இங்கே வந்த பிறகும் அது போகவில்லை. இடம்தான் மாறியது.

எங்கள் கடை ஸ்ட்ரிப் மாலில் இருக்கிறது. ஒரு பக்கம் மளிகைக்கடை, ஒரு பக்கம் தோசைக்கடை. நகைக்கடைகளில் திருட்டு என்று வாட்ஸ்அப்பில் வர ஆரம்பித்ததும் அண்ணா ஒரு பிஸ்டல் வாங்கினார். லைசென்ஸ் கிளாசுக்கும் போனார். இடுப்பில் வைத்து மேலே சட்டையை விட்டுக்கொள்வார். யாருக்கும் தெரியாது. அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. கிலோ கணக்கில் தங்கத்தை வைத்துக்கொண்டு வெறுங்கையோடு உட்காரச் சொல்ல நான் யார்?

ஆனால் என் வாய் சும்மா இருக்கவில்லை.

"ஏனுங்ணா, அது ஜாம் ஆயிருச்சுன்னா?"

"புதுசுடா. ஜாமெல்லாம் ஆவாது."

"கீழ விழுந்துருச்சுன்னா? அவன் புடுங்கிட்டான்னா?"

"காலைல கடை தொறந்ததும் உன்ற வாயில நல்ல வார்த்தையே வராதா முருகேசு?"

திட்டினாலும் அவர் மனதில் அது உட்கார்ந்துகொண்டது. அடுத்த வாரம் பேன்ட்டைத் தூக்கிக் காட்டினார். வலது கணுக்காலில் ஒரு பட்டை, அதில் ஐந்து தோட்டா போடும் சின்ன ரிவால்வர். கன் ஷாப்காரனும் என்னைப் போலவே கேட்டானாம். அவனாவது விற்பதற்காகக் கேட்டான்.

2. போலீஸ்காரர் சொன்னது

அண்ணாவோடு நான் ஒரு தடவை ஷூட்டிங் ரேஞ்சுக்குப் போனேன். அங்கே சொல்லிக்கொடுப்பவர் ரிட்டயர்டு போலீஸ், வெள்ளைக்காரர், அறுபது வயதுக்கு மேல். அண்ணா கணுக்காலைக் காட்டியதும், எத்தனை தடவை அதை எடுத்துச் சுட்டுப் பழகியிருக்கிறாய் என்று கேட்டார். அண்ணா சிரித்தார்.

அவர் திட்டவில்லை. தானும் சர்வீஸில் இருந்தவரை இரண்டு வைத்திருந்ததாகச் சொன்னார். "என் வேலை ஆபத்தை நோக்கிப் போறது. கட்டிப் புரண்டு சண்டை போடணும், கையில இருக்கறதப் புடுங்குவாங்க. அதுக்கு ரெண்டாவது வேணும். உன் வேலை என்ன? ட்ரேயைக் குடுத்துட்டு உயிரோட வீட்டுக்குப் போறது. நகைக்கு இன்ஷூரன்ஸ் இருக்கு இல்லையா?" என்றார். பிறகு, "ரெண்டு வெச்சா, நாள் பூரா ரெண்டையும் பாத்துக்கணும்" என்றார்.

காரில் வரும்போது அண்ணா, "அவரு போலீஸ்ங்கறதால பெருமை பேசறாரு" என்றார். எனக்கு மட்டும் அந்தக் கடைசி வார்த்தை மறக்கவில்லை. திருடனை நினைத்துப் பயந்துகொண்டிருந்தவன், அன்று முதல் அண்ணாவின் கணுக்காலைப் பார்க்க ஆரம்பித்தேன்.

3. மாலதி வீடு

மாலதியின் தங்கைக்குச் சென்னையில் கல்யாணம். ஹாரமும் வளையலும் ஆர்டர். இன்னும் நாலைந்து டிசைன் பார்க்க வேண்டும், வீட்டுக்கே கொண்டுவர முடியுமா என்று கேட்டார்கள். சனிக்கிழமை காலை இரண்டு ட்ரேயோடு போனோம்.

கதவைத் திறந்ததும், "வாங்க அண்ணா, வெயில்ல நிக்காதீங்க, உள்ள வாங்க" என்றார் மாலதி. வாசலை ஒட்டி உள்ளே ஷூ குவிந்து கிடந்தது. ஹாலில் சாமி ஷெல்ஃபுக்கு எதிரே ஜமக்காளம் விரித்திருந்தது. முதல் நகையைச் சாமி முன்னால் வைத்துவிட்டுக் கீழே உட்கார்ந்து பார்ப்பதாக ஏற்பாடு.

அண்ணா குனிந்தவர் அப்படியே நின்றார். எனக்குப் புரிந்துவிட்டது. ஷூவைக் கழற்றிவிட்டு சம்மணம் போட்டு உட்கார்ந்தால் பேன்ட் மேலே ஏறும், பட்டை தெரியும். அதைக் காருக்குள் வைத்துவிட்டு வரலாம் என்றால், கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிற பெண்ணிடம் என்ன சொல்வது? மாலதி காபி போட உள்ளே திரும்பினார். அந்த நேரத்தில் அண்ணா பட்டையோடு கழற்றி வலது ஷூவுக்குள் திணித்து, மேலே சாக்ஸை அடைத்தார். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்தார். நான் பார்த்தேன்.

உட்கார்ந்தோம். கார்த்திக், "அண்ணா, அண்ணா" என்று கேரட், வேஸ்டேஜ் எல்லாம் கேட்டார். அண்ணா பதில் சொன்னார். நான் வாசல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தேன். பையன்கள் இரண்டு பேரும் மாடிக்கும் வாசலுக்கும் ஓடிக்கொண்டிருந்தார்கள். அப்புறம் ஓட்டச் சத்தம் நின்று, டக், டக் என்று கேட்டது. பெரியவர்களின் ஷூவைப் போட்டுக்கொண்டு பையன்கள் நடக்கிற சத்தம்.

"அண்ணா, ஷூ."

"கம்முனு இரு. ஹாரம் கைல இருக்குது."

"அண்ணா, அந்த ஷூ!"

அவர் முகம் மாறுவதைப் பார்க்க நான் நிற்கவில்லை. ட்ரேயைத் தாண்டி ஓடினேன், வளையல்கள் சிதறின. நிகிலின் இடது கால் அண்ணாவின் இடது ஷூவுக்குள். வலது ஷூவை மடியில் வைத்து சாக்ஸை உருவிக்கொண்டிருந்தான். "There's something in here," என்றான் என்னைப் பார்த்து. கை உள்ளே போய்விட்டது.

அவன் மணிக்கட்டைப் பிடித்துக் கையை வெளியே எடுத்து, ஷூவைப் பிடுங்கினேன். அவன் வீறிட்டு அழுதான். மாலதி ஓடி வந்தார்.

"என்ன பண்றீங்க நீங்க? ஏன் புள்ள கையப் புடிச்சு இழுக்கறீங்க?"

நான் ஷூவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றேன்.

"அதுல என்ன இருக்கு?" என்றார் கார்த்திக்.

அண்ணாதான் சொன்னார். "துப்பாக்கிங்க."

"லோட் பண்ணதா?"

"ஆமாங்க." யாரும் கேட்காமல் அவரே, "இடுப்புலயும் ஒண்ணு இருக்குதுங்க" என்றார்.

"ரெண்டா? எங்க வீட்டுக்கு வர்றதுக்கா?"

மாலதி இரண்டு பையன்களையும் மாடிக்குக் கூட்டிப் போய்விட்டார். கார்த்திக் குரலை உயர்த்தவே இல்லை. சிதறிய வளையல்களை அவரே பொறுக்கி ட்ரேயில் வைத்தார். "நீங்க கெளம்புங்க சார். மீதிய கடைல வந்து பாத்துக்கறோம்" என்றார். வந்ததிலிருந்து "அண்ணா" என்றவர், போகும்போது "சார்" என்றார்.

4. திரும்பி வரும்போது

டோல்வே நெடுஞ்சாலையில் அண்ணா இறங்க வேண்டிய எக்ஸிட்டை விட்டுவிட்டார்.

"ஜாம் ஆயிருச்சுன்னான்னு நீ எதுக்குடா கேட்ட?"

"நா எல்லாத்துக்கும்தானுங்ணா கேப்பேன்."

"நீ கேக்கற ஒவ்வொண்ணுக்கும் நா கடைக்குப் போயி பதில் வாங்கிட்டு வந்தா, வீடு கொள்ளுமாடா?" சொல்லிவிட்டு ஸ்டியரிங்கில் நெற்றியை வைக்கப் போனார். "ரோட்டப் பாருங்ணா" என்று கத்தினேன்.

அந்த வாரமே ரிவால்வரை விற்றுவிட்டார். வீட்டுக்கு ட்ரே கொண்டுபோவதையும் நிறுத்தினோம். கடைக் கதவுக்கு பஸ்ஸர் வைத்தோம், உள்ளிருந்து பட்டனை அழுத்தினால்தான் திறக்கும். இடுப்பில் இருப்பது இன்றும் இருக்கிறது. யார் வீட்டுக்காவது போக வேண்டியிருந்தால் முதலிலேயே போனில் சொல்கிறார். அவர்கள் வேண்டாம் என்றால் காரில் இருக்கிற லாக் பாக்ஸில் வைத்துப் பூட்டிவிட்டு உள்ளே போகிறார்.

தம்பிகளுக்கு நான் சொல்வது இதுதான். ஒன்று வைத்துக்கொள்வதா வேண்டாமா என்பது உங்கள் பாடு, சட்டம் விடுகிறது. இரண்டாவது வேண்டாம். இடுப்பில் இருப்பது நாள் முழுக்க இடுப்பிலேயே இருக்கும். இரண்டாவதுக்கு உடம்பில் இடம் கிடையாது, எங்கேயாவது கழற்றி வைத்தே ஆக வேண்டும். நாம் செருப்பைக் கழற்றுகிறவர்கள், தரையில் உட்காருகிறவர்கள், போகிற வீட்டிலெல்லாம் குழந்தையைத் தூக்குகிறவர்கள். நாம் கழற்றி வைக்கிற இடத்துக்குக் குழந்தை வரும். என்னைப் போல் பயந்தவர்களுக்கு இன்னொன்று: இரண்டாவதை வாங்கினாலும் பயம் போகாது. அது மூன்றாவதைக் கேட்கும்.

மாலதி பிறகு தங்கையோடு கடைக்கு வந்தார். நிகிலைக் கூட்டி வரவில்லை. ஹாரத்தை வாங்கிக்கொண்டு ஒரு பகுதி கார்டில் கொடுத்தார், மீதியைக் கார்த்திக் அனுப்புவார் என்றார். கல்யாணம் முடிந்து அவர்கள் திரும்பி வந்தும் ஆயிற்று. "ஒரு போன் பண்ணட்டுங்களா?" என்று நான் கேட்டால், அண்ணா "வேண்டாம், இரு" என்கிறார். அவரும் பண்ணுவதில்லை. இதை எழுதுகிற இன்று வரை மாலதி பில்லில் பாக்கி ஆயிரத்து நூற்றைம்பது டாலர்.