குகைக்குள் வந்த ரிலீவர்

விதிகள் புதியவை, நடத்துவது பழைய பாணி. வேடம் போட்டுப் பேச்சிலேயே ஆடும் இந்தக் கதை ஆட்டத்தைப் பெங்களூர் நண்பர் ஒருவர் எனக்கு அப்படித்தான் கற்றுக்கொடுத்தார், நானும் அப்படியே பிடித்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டதும், மூக்கண்டப்பள்ளியில் நாங்கள் குடியிருந்த மாடி வீட்டில் பாயை விரிப்போம். ஆளுக்கு ஒரு வேடம். குகைக்குள் என்ன தெரிகிறது என்று நான் சொல்வேன். தங்கள் ஆள் என்ன செய்கிறான் என்று அவர்கள் சொல்வார்கள். முடிவு எப்படியும் போகலாம் என்கிற இடத்தில் இருபது முகப் பகடையை எவர்சில்வர் தட்டில் உருட்டுவோம். அந்தச் சத்தத்தைக் கேட்டுச் சூதாட்டம் என்று நினைத்து வீட்டுக்காரம்மா ஒருநாள் மேலே வந்துவிட்டார். குகை, பூதம், புதையல் என்று நான் விளக்க விளக்க, சூதாட்டமே தேவலை என்பதுபோல் பார்த்துவிட்டு இறங்கிப் போனார்.

புதிய விதிப்புத்தகத்துக்கு ரொம்பவும் இளகிய மனசு. ஆடுகிறவர்களின் பலத்துக்குத் தகுந்த எதிரியைத்தான் அனுப்பும். அடிபட்டு விழுந்தவனுக்குச் சாவதற்குள் கொஞ்சம் அவகாசம் தரும். கணக்குகளுக்கு மட்டும் அதை வைத்துக்கொண்டேன். செல்லம் கொடுப்பதெல்லாம் எனக்கு ஆகாது. ரகசியக் கதவைத் தேடுகிறேன் என்று யாராவது சும்மா பகடையை எடுத்தால் பிடுங்கிக்கொள்வேன். எந்தச் சுவர், எதால் தட்டுகிறாய், அதைச் சொல். முதல் அறையிலேயே பூதம் இருக்கலாம், ஓடத் தெரிந்துகொள். அடிபட அடிபடக் குறையும் உயிர்ப்புள்ளி தீர்ந்தால் செத்தான், பகடை போட்டு வேறு ஆளை உருட்டி அவன் பலத்தைப் புதுத் தாளில் எழுது. பகடை எல்லோர் கண்ணெதிரேயும் விழ வேண்டும். "வாத்தியார் வேலைக்குப் போயிருக்கலாம் நீங்க" என்பாள் மந்திரவாதி வேடம் போட்ட என் மனைவி.

மற்ற இருவரும் பக்கத்துப் போர்ஷன் பையன்கள். ஊத்தங்கரைக்காரன் ட்ரெய்னி, அவனுடைய ஆள் ஒரு திருடன். இன்னொருவன் சூளகிரிப் பக்கம், வீட்டில் தெலுங்கு, கோபம் வந்தாலும் தெலுங்கு. அவனுக்குப் போர்வீரன். இருவருக்கும் ஒரே கம்பெனி, ஒரே லேத், அடுத்தடுத்த ஷிப்ட். அடுத்த ஷிப்டுக்காரன், அதாவது ரிலீவர், வந்து கை வைக்காமல் மிஷினை விட்டு நகரக் கூடாது என்பது அங்கே வழக்கம். ஊத்தங்கரைக்காரன் நேரத்துக்குப் போனதாக எனக்கு நினைவே இல்லை. "இவனுக்காக நின்னு நின்னு என் கால் நரம்பெல்லாம் சுருட்டிக்கிச்சுண்ணா" என்று மற்றவன் ஞாயிறுதோறும் புலம்புவான். குகைக்குள் போன பிறகும் அந்தச் சண்டை ஓயாது. கிடைத்த கத்தியை யார் வைத்துக்கொள்வது, விளக்கை யார் தூக்குவது என்று அடித்துக்கொள்வார்கள்.

ட்ரெய்னிங் முடிந்ததும் ஊத்தங்கரைக்காரனைக் கம்பெனி நிரந்தரமாக்கவில்லை. ஒரு ஞாயிறு சாயங்கால பஸ்ஸில் ஊருக்கே திரும்புவதாக இருந்தான். பையை எங்கள் வாசலில் வைத்துவிட்டுக் கடைசி ஆட்டத்துக்கு உட்கார்ந்தான்.

"வேலதான் நிக்கலீங்ணா. இந்த ஆளயாவது உசுரோட வெளிய கூட்டிட்டுப் போயிடணும்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னான்.

அன்று ஆட்டத்தில் மூன்று பேரும் குகையின் கீழ்த்தளத்தில் புதையலை எடுத்துவிட்டார்கள். பூதம் விழித்துக்கொண்டு துரத்தியது. வெளியே போக ஒரே வழி, ஒரு கல் கதவு. சங்கிலியை யாராவது இழுத்துப் பிடித்திருந்தால்தான் அது மேலே நிற்கும். சங்கிலிக்குப் பக்கத்தில் இருந்த திருடன் பிடித்தான். மந்திரவாதியும் போர்வீரனும் கதவுக்கு அடியில் புகுந்து வெளியே போனார்கள்.

"விட்டுட்டு ஓடி வா தம்பி" என்றாள் என் மனைவி.

"விட்டால் நீ வந்து சேர்வதற்குள் கதவு விழுந்துவிடும்" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. சங்கிலி கதவுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது என்று மாற்றிச் சொல்ல நாக்கு துடித்தது. ஆனால் வரைபடத்தில் தள்ளித்தான் வரைந்திருந்தேன், ஆளைப் பார்த்து வரைபடத்தை மாற்றுவது எங்கள் ஆட்டத்தில் கிடையாது. சங்கிலியைக் கட்டிவைக்கக் கயிறு இருக்கிறதா என்று ஊத்தங்கரைக்காரன் தாளில் பார்த்தான். அதை முந்தின பள்ளத்திலேயே விட்டிருந்தார்கள். கதவுக்கு முட்டுக்கொடுக்கும் ஆப்பும் தீர்ந்திருந்தது.

"சரி, நீங்க போங்க" என்று தாளைக் கீழே வைத்தான்.

சூளகிரிக்காரன் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"நான் திரும்ப உள்ள போறண்ணா."

"எதுக்குடா?" என்றேன்.

"ரிலீவர் வரணும் இல்ல? டேய், சங்கிலில கை வெச்சிட்டேன். நீ கைய எடு."

"வேணான்டா, செத்துருவ."

"எடுறா! பூதம் வருது."

ஊத்தங்கரைக்காரன் கீழே வைத்த தாளைத் திரும்ப எடுத்துக்கொண்டான். "எடுத்துட்டேன்" என்றான்.

திருடன் வெளியே வந்தான். பூதம் வெளியே வந்துவிடாதபடி போர்வீரன் சங்கிலியை விட்டான், கதவு விழுந்தது, உள்ளே அவனும் பூதமும் மட்டும். பூதத்துக்காக நான் உருட்டினேன். பகடை தட்டைச் சுற்றி வந்து நின்ற எண்ணை நால்வரும் பார்த்தோம். போர்வீரனின் உயிர்ப்புள்ளி தீர்ந்துவிட்டது.

"புத்தகத்துல இருக்கிறபடி பார்த்தா இன்னும் கொஞ்சம் மூச்சு இருக்கும்" என்றேன். அந்த விதியைக் கேட்டவர்களிடமெல்லாம் எரிந்து விழுந்தவன் நான்.

"எவனுக்கும் குடுக்காதத எனக்கு எதுக்குண்ணா குடுக்கறீங்க? செத்தான்னா செத்தான்." சூளகிரிக்காரன் தன் தாளை மடித்து ஓரமாக வைத்தான். பிறகு மற்றவன் தோளில் ஓங்கி ஒன்று வைத்தான். "உன் ஆளு தப்பிச்சிட்டான் இல்ல? கெளம்பு, பஸ் போயிடும்."

அந்த இரண்டு பேர் மேலும் எனக்கு அப்போது வந்த பாசத்தைச் சொல்லத் தெரியவில்லை. என் மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு காபி போடப் போனாள்.

ஊத்தங்கரைக்காரன் எழுந்து வாசலுக்குப் போனான். பையைத் தோளில் மாட்டிச் செருப்பில் கால் நுழைத்தான். பிறகு பையை இறக்கிவிட்டு வந்து பாயில் உட்கார்ந்து, தட்டை நண்பன் பக்கம் தள்ளினான்.

"மொதல்ல உனக்குப் புது ஆள உருட்டு. நான் எழுதறேன்."

சூளகிரிக்காரன் தெலுங்கில் திட்டிக்கொண்டே பகடையை எடுத்தான். அந்த பஸ்ஸை ஊத்தங்கரைக்காரன் விட்டுவிட்டான், அதற்கு அடுத்ததையும் விட்டுவிட்டான்.