உப்புத்தண்ணீர்ப் பழி

இத்தனை வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். சிக்கல் முத்திருளப்பன் அவர்கள் காலமான செய்தியை ராமநாதபுரம் பேருந்து நிலையத்தில் ஒருவர் சொன்னார்: "உப்புத்தண்ணிக்காரர் போயிட்டாராம்." செத்த பிறகும் அந்தப் பெயர் அவரை விடவில்லை. அதை அவருக்கு வாங்கிக் கொடுத்தவர்களில் நானும் ஒருவன்.

பாம்பனில் ஒரு சரக்குக் கிடங்கில் நான் எழுத்தர்; அவர் பேட்டரி பார்ப்பவர். சுதந்திரம் வந்த புதிதில், பட்டாளத்தார் கழித்துப்போட்ட, மூட்டை ஏற்றும் பேட்டரி வண்டி ஒன்றை முதலாளி ஏலத்தில் எடுத்தார். அதிலிருந்த இரும்புத்தகட்டு பேட்டரிகள் செத்திருந்தன. புதிதாக ஈயத்தகட்டு பேட்டரிகள் போட்டார்கள். சார்ஜர் மட்டும் பழையது.

பொருத்தமான சார்ஜர் தேடி முத்திருளப்பன் மூன்று முறை மதுரைக்குப் போனார். ஒரு கடையில் பகல் முழுக்க உட்கார்ந்து, பேட்டரி நிறைய நிறைய மீட்டர் முள் இறங்குகிறதா என்று பார்த்தாராம். "சார்ஜர் வாங்க வந்தீரா, பொண்ணு பாக்க வந்தீரா?" என்று கடைக்காரர் கேட்டதைச் சிரித்தபடி எங்களிடம் சொன்னார்.

கிடங்கு மேனேஜர் சிரிக்கவில்லை. "அதுலயும் இருபத்துநாலு வோல்ட், இதுலயும் இருபத்துநாலு. இன்னொண்ணு எதுக்கு?"

"இது இரும்புத்தகட்டுக்குச் செஞ்சதுங்கய்யா. ஈயத்தகடு நெறைஞ்ச பின்னாடியும் விடாது. வயிறு நெறைஞ்சவன் வாயில சோத்தைத் திணிக்கிற மாதிரி."

"ஏலே, நீ என்ன இஞ்சினியரா?"

"இல்லய்யா. பெட்டியில கைய வச்சுப் பாருங்க, கொதிக்குது."

மேனேஜர் கை வைக்கவில்லை. இரண்டே மாதத்தில் தகடுகள் உதிர்ந்து வண்டி நின்றது.

முதலாளிக்குப் பதில் சொல்ல வேண்டுமே! 'கிணற்று உப்புத்தண்ணீரை பேட்டரியில் ஊற்றிக் கெடுத்தார்' என்று மேனேஜர் சொல்லச்சொல்ல நான் எழுதினேன். சாட்சிக் கையெழுத்தும் போட்டேன். அவர் ஊற்றியது, வெள்ளை வேட்டியை விரித்துக் கட்டி அதில் வடித்துக் கண்ணாடி ஜாடிகளில் சேர்த்த ஐப்பசி மழைத்தண்ணீர் என்று எனக்குத் தெரியும். ஆனால் எங்கள் பக்கத்துக் கிணறுகளை அறிந்தவர்கள் யாரும் அந்தப் பொய்யைச் சந்தேகிக்கவில்லை. அவர் வேலை போனது. பிறகு பஸ்காரர்கள்கூட அவரிடம் பேட்டரி கொடுக்கவில்லை. மேனேஜருக்கோ பதவி உயர்வு, மாலை, மரியாதை. இன்றும் எனக்கு மேலதிகாரி அவர்தான்.

பல வருஷம் கழித்துத் தொண்டியில் முத்திருளப்பன் அவர்களைப் பார்த்தேன். கோபப்படவில்லை. "கையெழுத்துப் போட்டீகளே, அந்தத் தண்ணிய ஒரு சொட்டு நாக்குல வச்சுப் பாத்தீகளா?" என்று மட்டும் கேட்டார்.

துக்கத்துக்குப் போயிருந்தேன். மொட்டையடித்த தலையோடு அவர் மகன் என்னிடம் வந்து, "நீங்க கிடங்குல இருந்தவுகதானே? அய்யா மேல தப்பா?" என்றான். கூட்டத்தில் மேனேஜரின் மைத்துனர் நின்றிருந்தார். "அப்புறம் பேசுவோம்" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.

தப்பு அவர் மேல் இல்லை தம்பி. அவர் இருந்தவரை அவருக்காகச் சொல்லாததை இப்போது ஊருக்குச் சொல்கிறேன். போய் வாருங்கள், முத்திருளப்பன்.

எனக்கு இன்னும் மூன்று வருஷம் சர்வீஸ் இருக்கிறது. பெயர் போடாமல்தான் இதைப் பத்திரிகைக்குத் தபாலில் சேர்க்கப்போகிறேன்.