நான் கழற்றாமல் விட்ட பிளக்

மகேஸ்வரியின் மகளுடைய லெப்டொப்பை எரித்தவள் நான்தான். பழியை இடியின் மேல் போட்டுவிட்டு, மூன்று வருடங்களாக நல்லவள் என்ற பெயரோடு நடமாடிக்கொண்டிருக்கிறேன்.

இதை உங்களிடம் ஏன் சொல்கிறேன்? உங்களுக்கு என்னைத் தெரியாது. தெரிந்தவர்களிடம் சொல்ல எனக்குத் துணிவில்லை... அவ்வளவுதான்.

ஆனால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்குத் துரோகம் செய்தவள் மகேஸ்வரி. அதை நான் மறக்கவில்லை, மறப்பதாகவும் இல்லை. என் குற்றத்தை ஒப்புக்கொள்வதால் அவள் குற்றம் கழுவப்பட்டுவிடும் என்று நீங்கள் நினைக்க வேண்டாம்!

எங்கள் தேயிலைத் தோட்டம் தெமோதரைக்கு மேலே இருக்கிறது. எங்கள் லயத்தில் ஒரே கூரையின் கீழ் பன்னிரண்டு வீடுகள். ஐந்தாவது என்னுடையது, ஆறாவது மகேஸ்வரியுடையது. நடுவில் ஒரே ஒரு சுவர். அவள் மிளகாய் தாளித்தால் எனக்குத் தும்மல் வரும். நான் இருமினால் அவள் சுவரைத் தட்டி, கொத்தமல்லி காய்ச்சவா என்று கேட்பாள். இருபது வருடங்கள் அப்படி இருந்தோம்.

மலையில் கொழுந்து பறிக்கும்போது தண்ணீர் ஓடும் கானுக்குள் வழுக்கி விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டவள் நான். அதோடு தோட்ட வேலை போயிற்று. கணவர் முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். மகன் கொழும்பில் ஒரு கடையில் நிற்கிறான். தீபாவளிக்கு வருவான், வந்த சூட்டோடு போவான். தையல் மெஷினும் நானும் வீட்டோடு கிடந்தோம். பகலில் லயத்தில் எப்போதும் இருக்கிற ஆள் நான் ஒருத்திதான். அதனால் காலையில் ஆள் கணக்கு எடுக்கிற பெரட்டுக்குப் போகிற பெண்கள் எல்லாரும் வீட்டுச் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டுப் போவார்கள்.

எதற்கு என்கிறீர்களா? இடிக்குத்தான்.

ஊவாப் பக்கத்து ஐப்பசி மாதத்தைப் பார்க்காதவர்களுக்கு இது விளங்காது. காலையில் வெயில் பளீரென்று அடிக்கும். மத்தியானம் சாய்ந்ததும் நமுனுகுல மலை கறுக்கும். அடுத்த அரை மணித்தியாலத்தில் இடி. அது கரண்ட் கம்பத்தில் விழுந்தால், கம்பி வழியாக ஓடிவந்து டீவி, ஃபிரிட்ஜ், சார்ஜர் என்று சொருகிக் கிடப்பதையெல்லாம் தின்றுவிட்டுப் போகும். லயத்துக்குக் கரண்ட் இழுத்த காலத்தில் ஓரத்து வீட்டருகே எர்த் கம்பி ஒன்று நட்டார்கள். அதிலிருந்த செம்பை எந்த மகராசனோ வெட்டிக்கொண்டு போய்விட்டான்.

சுவிட்சை அணைத்தால் போதாதா என்று கேட்பீர்கள். வானத்திலிருந்து குதித்து வருகிற இடிக்குச் சுவிட்சுக்குள் இருக்கிற நூலளவு இடைவெளி எந்த மூலைக்கு? பிளக்கையே உருவ வேண்டும். டிஷ் வயரையும் கழற்ற வேண்டும். எங்களுக்கு வேறு காவல் கிடையாது.

முதல் உறுமல் கேட்டதும் ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டு, கம்பை ஊன்றிக்கொண்டு, ‘அர்ச்சுனா, அர்ச்சுனா’ என்று முணுமுணுத்தபடி வீடு வீடாகத் திறந்து பிளக்குகளை உருவிக்கொண்டே போவேன். மலையில் நிற்கிற பெண்கள் இடியைக் கேட்டால், “தனம் அக்கா இருக்காங்க” என்று சொல்லிக்கொள்வார்களாம். ஆறு வருடங்களில் எங்கள் லயத்தில் ஒரு பல்பு கூடப் போனதில்லை. நொண்டிக் காலோடு இருந்தவளுக்கு அது எவ்வளவு பெரிய கௌரவம் தெரியுமா!

இனித் துரோகத்துக்கு வருகிறேன்.

தோட்டத்தில் தனி வீடு கட்டிக் கொடுக்கப் போகிறார்கள் என்று பேச்சு வந்தது. முதல் கட்டத்தில் சில குடும்பங்களுக்கு மட்டும். நானும் மகேஸ்வரியும் ஒரே நாளில் பெயர் கொடுத்தோம். அடுத்தடுத்த வீடாகக் கேட்போம், நடுவில் வேலி போடக் கூடாது என்று அவளே சொன்னாள். எனக்கு அது வெறும் வீடு இல்லை. சொந்தக் கதவு என்று ஒன்று இருந்தால் மகன் வந்து நாலு நாள் தங்குவான் என்ற நப்பாசை... மகேஸ்வரியின் கணவர் சிவலிங்கம்தான் தோட்டத்துச் சங்கத் தலைவர். பட்டியல் அவர் கையால்தான் போகும். ஆகவே நான் கவலையே படவில்லை.

பெரட்டுக் களத்தில் பட்டியலை வாசித்த அன்று என் பெயர் இல்லை. மகேஸ்வரி வீட்டுக்கு அடுத்த இடத்தில் சிவலிங்கத்தின் தம்பி பெயர் இருந்தது. நான் வேலையில் இல்லாதவள், அதனால் வெட்டிவிட்டார்களாம். பட்டியல் இரண்டு மாதத்துக்கு முன்பே முடிவாகிவிட்டது என்று யாரோ சொன்னார்கள்.

இரண்டு மாதம்! அந்த இரண்டு மாதமும் மகேஸ்வரி என் அடுப்படியில் உட்கார்ந்து, புதுவீட்டு வாசலில் என்ன பூச்செடி நடலாம் என்று என்னோடு பேசினாள். இடம் போனது கூட ஆறிவிடும். அந்தப் பூச்செடிப் பேச்சு... அதுதான் இன்னும் ஆறவில்லை. கூட இருந்தே குழி பறிப்பது என்பார்களே, அதை நான் அன்றைக்குத்தான் கண்டேன்.

நான் அவளிடம் எதுவும் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. அடுத்த நாளும் அதற்கடுத்த நாளும் தலையைக் குனிந்துகொண்டு சாவியை என் வாசல் திண்டில் வைத்துவிட்டுப் போனாள்.

மூன்றாம் நாள் சாவியைக் கொண்டுவந்தவள் அவள் மகள் கௌசல்யா.

கௌசியை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஏ.எல். பரீட்சை முடித்துவிட்டு, பழைய லெப்டொப் ஒன்றை வைத்துக்கொண்டு கொழும்புக் கம்பெனி ஒன்றுக்குத் தமிழில் டைப் செய்து அனுப்பிக்கொண்டிருந்தாள். மூன்று மாதம் பரீட்சார்த்தம், பிறகு நிரந்தரம் என்று சொல்லியிருந்தார்கள். எங்கள் லயத்தில் கொழுந்துப் பையை முதுகில் மாட்டாமல் சம்பாதிக்கப் போகிற முதல் பெண்பிள்ளை! இடிக்குத் தாங்கும் என்று பதுளையில் ஒரு பாதுகாப்புப் பெட்டியும் வாங்கிப் போட்டிருந்தாள். சின்னப் பச்சை விளக்கு எரியும். சுவரில் எர்த் இல்லாத வீட்டில் அந்தப் பெட்டி பொட்டு வைத்த மாதிரிதான், அழகுக்கு உதவும்.

அன்று அவள் பதுளையில் இருக்கிற அரசாங்கக் கச்சேரிக்குப் பிறப்புச் சான்றிதழ் பிரதி எடுக்கப் போகிறாள். கம்பெனி கேட்டிருந்ததாம். சாவியைக் கையில் வைத்துவிட்டு என்னிடம் சொன்னாள்.

“பெரியம்மா, லெப்டொப் சார்ஜுல கெடக்கு. மழ வந்தா கரண்ட் போயிரும்ல, அதுக்குள்ள ஏறட்டும்னு வச்சிருக்கேன். இடி கேட்டா கழட்டிருங்க. கடைசி வேல அதுலதான் இருக்கு, நாளைக்குக் காலையில அனுப்பணும்.”

சரி என்றேன். கேட்டுக்கொள்ளுங்கள், நான் சரி என்றேன்!

மத்தியானம் இடி உறுமியது. பதினொரு வீடுகளிலும் பிளக்கை உருவினேன். ஆறாம் வீட்டைத் திறந்தேன். சுவரில் மகேஸ்வரியின் பெரிய டீவி, அதன் அருகே லெப்டொப் சொருகிய பச்சை விளக்குப் பெட்டி. இரண்டும் ஒரே பிளக்கில்தான் தொங்கின. குனிந்து கையை நீட்டினேன். மேசையில் ஒரு காகிதம் கிடந்தது. புதுவீட்டின் வரைபடம். யாரோ பென்சிலால் வாசலில் பூச்செடி வரைந்திருந்தார்கள்.

கையை இழுத்துக்கொண்டேன். கதவைப் பூட்டிவிட்டு என் வீட்டில் வந்து உட்கார்ந்தேன்.

டீவி போகட்டும் என்றுதான் நினைத்தேன், லெப்டொப் நினைவில் இல்லை என்று எத்தனையோ நாள் எனக்கு நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன். பொய்! பச்சை விளக்கைப் பார்த்துக்கொண்டேதான் கையை இழுத்தேன். கௌசி சொன்ன ஒவ்வொரு சொல்லும் நினைவில் இருந்தது. அவளை எனக்கு என் மகனை விடப் பிடிக்கும். பிறகு எப்படி விட்டேன்? இடி விழாமலும் போகலாம் என்று எண்ணினேனா? மகேஸ்வரிக்கு எது வலிக்கும் என்று தெரிந்துதான் விட்டேனா? இரண்டும் இருந்தது. எது கூடுதல் என்று எனக்கே தெரியவில்லை...

கால் மணித்தியாலம் சென்றிருக்கும். லயத்துக்கு மேலே நிற்கிற கம்பத்தில் விழுந்தது. சுவரே அதிர்ந்தது. அடுத்த வீட்டிலிருந்து சுட்ட ரப்பர் நாற்றம் வந்தது.

அதற்குப் பிறகு நான் செய்ததுதான் பெரிய குற்றம். ஓடிப்போய்த் திறந்தேன். பச்சை விளக்கு அணைந்திருந்தது. பிளக்கை அப்போது உருவினேன். சூடாக இருந்தது. அதைத் தரையில் போட்டுவிட்டு வாசலில் மழையில் உட்கார்ந்துவிட்டேன். நடுக்கம் மட்டும் நடிப்பு இல்லை.

மலையிலிருந்து பெண்கள் ஓடிவந்தார்கள். முதலில் வந்தவள் மகேஸ்வரி. வீட்டுக்குள் எட்டிக்கூடப் பார்க்காமல் என்னைக் கட்டிப் பிடித்தாள்.

“அக்கா, ஒங்களுக்கு ஒன்னும் ஆகலயே?”

“கழட்டிக்கிட்டு இருந்தேன் புள்ள... அதுக்குள்ள அடிச்சிருச்சு.”

யோசித்துச் சொன்ன பொய் இல்லை. வாயில் தானாக வந்தது. மறுநாளே மாரியம்மன் கோயிலில் என் உயிர் தப்பியதற்காக மகேஸ்வரி தேங்காய் உடைத்தாள். பூசாரி என் நெற்றி நிறையத் திருநீறு பூசினார். துடைத்துக்கொள்ளக் கூட எனக்குக் கை எழவில்லை.

பண்டாரவளையிலிருந்து வந்த வயர்மேன் மட்டும் கருகிய பிளக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். கையில் பிடித்திருந்தீர்களா என்று கேட்டான். ஆமாம் என்றேன். என் உள்ளங்கையைப் பார்த்தான். ஒரு கீறல் இல்லை. பிறகு எர்த் இல்லாததைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டான். அவனுக்குத் தெரிந்துவிட்டதோ என்னவோ... கேட்கிற தைரியம் எனக்கு இல்லை.

லெப்டொப் பிழைக்கவில்லை. பதுளையில் காட்டினார்கள்; உள்ளே எல்லாம் போய்விட்டது, வேலையையும் மீட்க முடியாது என்று கைவிரித்தார்கள். கம்பெனியில் காரணம் கேட்டுக்கொண்டார்கள், ஆனால் இடத்தை வேறு ஒருத்திக்குக் கொடுத்துவிட்டார்கள். உருப்படாத பெட்டியை நம்பி வைத்தாயே என்று சிவலிங்கம் மகளைத் திட்டித் தீர்த்தார். தை பிறந்ததும் அவள் தோட்டத்தில் பெயர் பதிந்தாள். முதல் நாள் அவள் கொழுந்துப் பையோடு என் வாசலைக் கடந்து போனபோது நான் மெஷினில் தலையைக் கவிழ்த்துக்கொண்டேன்.

இதோடு முடிந்திருந்தால் கூடப் பரவாயில்லை.

ஒரு நாள் மகேஸ்வரி வந்து என் காலடியில் உட்கார்ந்தாள். அழுதாள்.

“ஒங்க எடத்தத்தான் அவரு தம்பிக்கு எழுதிட்டாரு. எனக்கு மொதல்லயே தெரியும் அக்கா. சொல்ல வாய் வரல. அந்தப் பாவத்துக்குத்தான் மாரியாத்தா எங்க வீட்டுல இடிய எறக்கிட்டா. எம்புள்ள வாழ்க்கைய நானே எரிச்சிட்டேன்.”

அப்போது சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை போதும். அவள் தன் குற்றத்தை என் முன்னால் வைத்துவிட்டாள். நான் என்னுடையதை வைத்திருந்தால் கணக்குத் தீர்ந்திருக்கும்.

“அழாத புள்ள. நான் எதயும் மனசுல வச்சுக்கல” என்றேன்.

உண்மையைச் சொல்கிறேன், அந்த நேரம் எனக்கு இனித்தது. துரோகி என் காலடியில்! மன்னிக்கிற இடத்தில் நான்! அந்தச் சுகத்தை விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் அந்த அசடு அதே கதையை மகளிடமும் போய்ச் சொல்லியிருக்கிறாள். நான் பெரியம்மாவை ஏமாற்றியதால்தான் உன் லெப்டொப் எரிந்தது என்று. கௌசி அன்றோடு தாயிடம் பேச்சை விட்டுவிட்டாள். புதுவீட்டில் பால் பொங்கிய அன்று அவள் போகவில்லை. நான் லயத்திலேயே இருந்துகொள்கிறேன் என்று ஆறாம் வீட்டில் தங்கிவிட்டாள். சாப்பாடு என் வீட்டில்.

புதன்கிழமைதோறும் மகேஸ்வரி மேலே புதுவீட்டிலிருந்து இறங்கி வருவாள். வாசலுக்கு வரமாட்டாள், தண்ணீர் பிடிக்கிற பீலி வரைதான். பலகாரமோ குழம்போ எதையாவது என் கையில் கொடுத்து, “நீங்க செஞ்சதுன்னு சொல்லிக் குடுங்க அக்கா” என்பாள். இளைத்துவிட்டாள். பார்க்கும்போது பாவமாக இருக்கும். அடுத்த நிமிடமே, நில், நீயும் நின்று பார், இரண்டு மாதம் என் முகத்தைப் பார்த்துப் பொய் பேசினவள்தானே என்றும் தோன்றும். எனக்குள் இருக்கிற இந்தப் பேயை நான் யாரிடம் சொல்ல?

நான் வாயைத் திறந்தால் மகள் தாயிடம் போய்விடுவாள். அது எனக்குத் தெரியும். போய்விட்டால் என்னிடம் யார் வருவார்கள் என்பதும் தெரியும்... யாரும் இல்லை.

போன புதன்கிழமை. கௌசி மலையிலிருந்து வந்து கை கழுவிவிட்டு உட்கார்ந்தாள். தேயிலைக் கறை ஏறிய விரல்கள். சோற்றில் கை வைத்தவள் பிசையாமல் என்னையே பார்த்தாள்.

“பெரியம்மா, கூடப் பொறந்தவ மாதிரி இருந்த ஒங்களயே எங்கம்மா ஏமாத்திட்டாங்க. எனக்காக நீங்க உசுரக் குடுக்கப் பாத்தீங்க. எப்பிடி அவங்கள மன்னிச்சீங்க? எனக்கு முடியல. எப்பிடின்னு சொல்லிக் குடுங்க.”

கேலி இல்லை, கோபம் இல்லை. தாயிடம் திரும்பிப் போக அவளுக்கு ஆசை வந்துவிட்டது. வழியை என்னிடம் கேட்கிறாள்.

அவள் காத்திருந்தாள். சொல்லிவிடு, சொல்லிவிடு என்று நெஞ்சு அடித்துக்கொண்டது.

“சோறு ஆறுது, சாப்பிடு” என்றேன்.

அவள் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டாள். அன்று காலையில் மகேஸ்வரி கொடுத்துவிட்டுப் போன கருவாட்டுக் குழம்பை, நன்றாக இருக்கிறது பெரியம்மா என்று சொல்லி இரண்டாம் தரமும் வாங்கிச் சாப்பிட்டாள்.