பதினாலாம் மாடி மீனுக்கு நெஞ்செரிச்சல்

உப்புத்தண்ணித் தொட்டி கழுவுற வேலையில முக்கால்வாசி கோவத்த அடக்குறதுதான், அந்த முக்கால்வாசி எனக்கு வராது. படிக்கிறது ஜுவாலஜி மூணாவது வருஷம், வீடு கார்டன் ரீச் ரயில்வே குவார்ட்டர்ஸ், பெங்காலிக்காரங்க ஊர்ல ஒரு தமிழ்க் குடும்பம். பக்கத்து ஏரியா பெஹாலால ஒரு மீன் கடை இருக்கு. திங்கிற மீன் இல்ல, பாக்குற மீன். அந்தக் கடைக்காக வாரத்துல ரெண்டு நாள் வீடு வீடாப் போய்த் தொட்டி பராமரிக்கிறேன்.

மணல் மேல செவப்பா, சளி மாதிரி, ஜமுக்காளம் விரிச்சாப்புல ஒரு பாசி படரும் பாருங்க. அதோட மல்லுக்கட்டுன ஜனங்க எல்லாம் பக்கத்துல வந்து உக்காருங்க, நாம ஒரே ஜாதி. ட்யூப் வச்சு உறிஞ்சா தோல் மாதிரி உரிஞ்சு வரும். அப்பாடான்னு கையக் கழுவுவோம். அடுத்த வாரம் போனா பழைய இடத்துலயே படுத்திருக்கும், சொந்தக்காரங்க மாதிரி.

பாட்டிலும் நானும்

நியூ டவுன்ல ஒரு பதினாலாம் மாடி ஃப்ளாட். அங்க மூணாவது தடவையாப் பாசி வந்ததும் கடை ஓனர் பாப்பன்தா மருந்து பாட்டில எடுத்தாரு. அது பாசியையும் கொல்லும், தண்ணியச் சுத்தமா வச்சிருக்குற நல்ல பாக்டீரியாவையும் கொல்லும், அடுத்த மாசம் இன்னொரு பாட்டில் வேணும்னு நான் சண்டைக்கு நின்னேன். தொட்டிக்குள்ள சாப்பாடு ஜாஸ்தி போகுது, அத நிறுத்துனாப் போதும்னேன்.

எனக்கு இதுல ஒரு சுயநலம் இருந்துச்சு. கடையில குப்பை வாளிக்குள்ள நகத்தளவு காளான் பவளம் ஒண்ணு கெடந்தத எடுத்து, அந்த ஃப்ளாட்டு தொட்டிக் கல்லுல ஒட்டியிருந்தேன். கடையிலயே வளத்திருந்தா பாப்பன்தா வித்திருப்பாரு. விஷயம் அந்த வீட்டம்மா காக்கிமாவுக்கு மட்டும்தான் தெரியும், காக்கிமான்னா சித்தி. இப்ப அது உள்ளங்கை அகலம், நீலக் குடை விரிச்ச மாதிரி இருக்கு. பாசி அந்தக் கல்லோட அடிவாரத்துக்கு வந்துடுச்சு. என்னை அந்த வீட்டுலேந்து மாத்திட்டா என் பவளத்தப் பாக்கக்கூட முடியாது. பாப்பன்தா என்னை மேலயும் கீழயும் பாத்தாரு.

"ரெண்டு வாரம் தர்றேன். அப்பவும் செவப்பு தெரிஞ்சுதுன்னா பாட்டில் அங்க போகும், நீ இங்க கடையில உக்காந்து கப்பி மீன் தொட்டி கழுவு."

ஒரு சிட்டிகை

அந்த வீட்டுல காக்கு, அதாவது சித்தப்பா, பேங்க்ல ரிட்டயர் ஆனவர். காக்கிமா. சமையலுக்கு வர்ற மாஷி. தொட்டியில ரெண்டே ரெண்டு ஆரஞ்சு க்ளவுன் மீனு. எவ்ளோ போடுறீங்கன்னு கேட்டதுக்கு காக்கு ரெண்டு விரலச் சேத்துக் காட்டினாரு. காலையில ஒரு சிட்டிகை, அவ்ளோதானாம். நம்புனேன்.

அவரு குளிக்கப் போனதும் காக்கிமா வந்தாங்க. "உங்க காக்குவுக்கு மறதி. அதனால மத்தியானம் நான் ஒரு சிட்டிகை போட்டுடுறேன். அவர்ட்ட சொல்லாத." சரின்னு கிச்சனுக்குப் போய் மாஷியக் கேட்டேன். எறா உரிக்கிறப்ப தலையும் காலும் சின்னதா நறுக்கி தெனம் போடுறாங்களாம். எதுக்குன்னு கேட்டா என்னைத்தான் மொறைச்சாங்க.

"நான் வர்றப்பல்லாம் வாயத் தொறந்து தொறந்து மூடுதுங்க. பசிக்காமயா அப்படிப் பண்ணும்?"

பிரசங்கம்

மூணு பேரையும் சோஃபால உக்கார வச்சு வகுப்பு எடுத்தேன். மீனோட வயிறு அதோட கண்ணு சைஸ்தான். மிச்சம் சாப்பாடு அழுகும், அழுகுனதத் தின்னு பாசி வளரும். நீங்க மீன வளக்கல, பாசிய வளக்குறீங்க. நான் பேசுனது பெங்காலில, கோவப்பட்டது தமிழ்ல. காக்கு தலையாட்டினாரு. மாஷி தலையாட்டினாங்க. இதுக்கு நடுவுல என் கையில ஒரு தட்டு வந்துச்சு. அதுல ஆறு லுச்சி, நம்ம பூரிதான், உருளைக்கெழங்கு, ரெண்டு சந்தேஷ் ஸ்வீட்டு. போதும்னு ரெண்டு தடவ சொன்னேன், ரெண்டு லுச்சி கூடுச்சு. காக்கிமா மட்டும் தலையாட்டல.

"நீயே கொடிக்கம்பம் மாதிரி நிக்கிற. உன் பேச்சக் கேட்டு நான் ஒரு ஜீவனப் பட்டினி போடணுமா மா?"

டப்பா

பேசிப் பிரயோஜனம் இல்லன்னு தீனி டப்பாவ என் பையில போட்டுக்கிட்டு வந்துட்டேன். திருட்டுன்னு சொல்றவங்க சொல்லிக்கங்க.

அடுத்த தடவ போனா மணல் முழுக்கச் செவப்பு. பாசி கல்லு மேல ஏறி, என் பவளத்துல ஒரு பக்கம் போர்வை போத்தியிருந்துச்சு. குடை சுருங்கி, நனைஞ்ச கைக்குட்டை மாதிரி தொங்குது. தண்ணியில ஏதோ மாவு மாவா மெதக்குது. என்ன இதுன்னு கேட்டேன், கொரல் கொஞ்சம் ஒசந்துதான் இருந்துச்சு. காக்கு பேப்பர மடிக்கவே இல்ல.

"டப்பாவக் காணோம். நாங்க டீ குடிக்கிறப்ப அது மட்டும் வேடிக்கை பாக்கட்டுமா? மேரி பிஸ்கட்தான் மா, ஜீரணமாயிடும்."

வைத்தியம்

ஜீரணம். அந்த வார்த்தையக் கேட்டதும்தான் சாப்பாட்டு மேஜையப் பாத்தேன். இசப்கோல், ஓம வாட்டர், ரோஸ் கலர் சிரப் ரெண்டு, எல்லாம் வயித்து மருந்து. உப்புக்கு அங்க எடமே இல்ல. நான் டார்ச் அடிச்சு மீன ரொம்ப நேரம் பாத்தேன். பெருமூச்சு விட்டேன். "காக்கிமா, இதுக்கு ஒம்பல்."

ஒம்பல்னா நெஞ்செரிச்சலும் புளிச்ச ஏப்பமும் சேந்தது. இந்த ஊர்ல அதுக்கு இருக்குற மரியாதை ஹார்ட் அட்டாக்குக்குக்கூட கெடையாது. காக்கு பேப்பர மடிச்சாரு. மாஷி பிஸ்கட்ட ஒளிச்சாங்க. எத்தன நாளா, வாயுவும் உண்டான்னு கேள்வி மேல கேள்வி. நான் டாக்டர் மாதிரி சொன்னேன்: மூணு நாள் சாப்பாடு கெடையாது, லைட் கெடையாது, கறுப்பு பெட்ஷீட் போத்தணும், காத்துக் குமிழி மட்டும் ஓடட்டும். வெளிச்சம் இல்லன்னா அந்தப் பாசி செத்துடும், மீனுக்கும் பவளத்துக்கும் மூணு நாள் ஒண்ணும் ஆகாது. ஆனா அத நான் சொல்லல. தொறந்து பாத்தா மீனுக்குக் குமட்டல் வரும்னு மட்டும் சொன்னேன். காக்கிமா கிச்சன் பக்கம் திரும்பினாங்க.

"மாஷி, மூணு நாளைக்கு எதையும் தாளிக்காத. வாசனையே அதுக்கு ஒத்துக்காது."

பெட்ஷீட்ட எடுத்த நாள்

நாலாம் நாள் பாப்பன்தாவும் வந்தாரு, பாட்டிலோட. நான் பெட்ஷீட்ட இழுத்தேன். செவப்பு போயி, சாம்பல் கலர்ல கந்தல் கந்தலாக் கெடந்துச்சு. ட்யூப வச்சதும் மொத்தமும் வாளிக்கு வந்துடுச்சு. பவளத்துல ஒரு ஓரம் வெளுத்து, கரைஞ்சே போச்சு. லைட்டப் போட்டுட்டு நின்னேன். அர மணி நேரம் கழிச்சு மிச்சம் இருந்த பக்கம் மெல்ல, சோம்பேறித்தனமா, குடைய விரிச்சுது.

பாப்பன்தா பாட்டிலப் பையில போட்டாரு. கப்பித் தொட்டிய வேற யாராவது கழுவட்டும்னு முனகினாரு. அப்பறம் கண்ணாடி கிட்ட குனிஞ்சு, "இது என்ன காளான்? கடைக்கு எடுத்துட்டுப் போலாமே"ன்னு தண்ணிக்குள்ள கைய விடப் போனாரு. காக்கிமா வந்து அவரு கையத் தட்டிவிட்டாங்க.

"அது இந்தப் பொண்ணோடது, தொடாத. அதுக்கும் இப்பத்தான் வயிறு சரியாயிருக்கு."

ஆக, மூணு வருஷம் ஜுவாலஜி படிச்சதுல இதுவரைக்கும் உருப்படியா ஒரு உயிரக் காப்பாத்துனது நான் சொன்ன ஒரு பொய்தான், அதையும் பரீட்சையில எழுதுனா முட்டை மார்க்கு.