நாகலட்சுமி கழற்றி வைத்த செருப்பு

ஜெர்மனியில் கார்ல்ஸ்ரூஹே நகரத்தில் எங்களோடு இருந்த தமிழ்ப் பெண்களில் நாகலட்சுமியைப் பற்றி வம்பு பேசுவதுதான் கஷ்டம். வம்புக்கு ஒரு பிடி வேண்டும். அவள் பிடியே கொடுக்க மாட்டாள். காபி கொடுப்பாள், சிரிப்பாள், உள்ளே போய்விடுவாள். அந்த வீட்டுப் பேச்சு மொத்தத்தையும் அவள் புருஷன் சந்திரமௌலி குத்தகைக்கு எடுத்திருந்தார். அவர் தண்ணீர் ஆராய்ச்சிக்கூடத்தில் ஆய்வாளர். நான் அதே கூடத்துப் பட்டறையில் லேத் ஓட்டுகிறவன். அவர் ஆறு, ஏரி என்று பேசுவார். நான் ஊர்க்கதை பேசுவேன். இருவருக்கும் பொழுது போகும்.

நாகலட்சுமியிடம் ஒரு விசித்திரம் மட்டும் உண்டு. ஓடுகிற எதுவும் அவளுக்குச் சாமி. ஆயுத பூஜை அன்று வாஷிங் மெஷினுக்கே பொட்டு வைப்பாள். பொட்டு வைத்ததைச் செருப்புக் காலால் மிதிக்க மாட்டாள். எழுபத்தொன்றில் புருஷனும் பெண்டாட்டியும் கார் ஓட்டக் கற்றுக்கொள்ளப் போனார்கள். ஷூ இல்லாமல் வண்டியில் ஏற்ற மாட்டேன் என்றுவிட்டார் வாத்தியார். வேறு வழியில்லாமல் ஷூவோடு ஏறி, ஒவ்வொரு நாளும் ஸ்டியரிங்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு மன்னிப்புக் கேட்பாளாம். ரோட்டைப் பார்த்துப் பயந்து ஜெபம் செய்கிறாள் என்று அந்த மனிதர் நினைத்திருக்கிறார்.

அந்த வருஷமே "ரெண்டு பேரும் பாஸ்" என்று சந்திரமௌலி எல்லோருக்கும் லட்டு கொடுத்தார். லட்டைத் தின்றுவிட்டு லைசென்ஸைக் காட்டு என்று யார் கேட்பது? கார் மட்டும் வாங்கவில்லை. டிராமில்தான் போய் வந்தார்கள்.

எழுபத்து மூன்றில் அவரை மலாவிக்கு அனுப்பினார்கள். ஆப்பிரிக்காவில் ஒரு நாடு. பாதி மண், பாதி ஏரி என்று சொல்லலாம், அவ்வளவு பெரிய ஏரி. அதன் நீர்மட்டத்தை அளக்கும் வேலை. நாகலட்சுமியும் கூடப் போனாள். வேலை முடிந்ததும், அங்கிருந்த ஜெர்மன்காரர் ஒருவர் தன் பழைய லேண்ட் ரோவரைக் கொடுத்து, "ஏரிக்கரையோடு வடக்கே ஒரு சுற்றுப் போய் வாருங்கள்" என்றாராம். போய் வந்தார்கள். திரும்பி வந்த சந்திரமௌலி கறுத்திருந்தார், இளைத்திருந்தார். பேச்சு மட்டும் இரண்டு மடங்கு ஆகியிருந்தது. "கையில கொப்பளம் நடேசன். ஆப்பிரிக்கா ரோடுன்னா சும்மாவா?" என்று உள்ளங்கையைக் காட்டுவார். அதில் கொப்பளத்தைக் காணோம். அடையாளம் எதுவும் இல்லை.

அந்தக் குளிர்காலத்தில் ஒரு விஷயம் நடந்தது. அவர்கள் குடியிருந்த வீட்டின் கீழ்த்தளத்தில் ஃப்ராவ் ஐசலே என்ற அம்மாள் இருந்தார். தெருக்கோடி பாலர் பள்ளியின் தலைவி. குழந்தைகளை ஏற்றி வரும் வேனின் டிரைவர் ஈஸ்டரோடு ஓய்வு பெறுகிறார் என்று அவர் சொல்ல, அந்த வேலை எனக்கு வேண்டும் என்று நாகலட்சுமி கேட்டுவிட்டாள். வாயே திறக்காதவள் வாய் திறந்து கேட்டது அது ஒன்றைத்தான். இதை அவள் என் மனைவி சாந்தாவிடம் ரகசியமாகச் சொன்னாள். எங்கள் வீட்டு ரகசியம் சாம்பார் கொதிப்பதற்குள் என்னிடம் வந்துவிடும்.

"அந்தம்மா யோசிக்கிறாங்களாம். புடவை கட்டின பொண்ணு, பனியில வேன் ஓட்டுமான்னு" என்றாள் சாந்தா. "ஞாயித்துக்கிழமை ஆப்பிரிக்கா படம் காட்டறாங்கல்ல, வந்து பாத்துட்டுச் சொல்றேன்னிருக்காங்க."

"படத்துல ஓட்டுறது மௌலி சாருல்ல? இவளுக்கு அதுல என்ன?"

சாந்தா என்னை ஒரு மாதிரி பார்த்தாள். சாம்பாரைக் கிளறப் போய்விட்டாள். எனக்குத் தெரியாமல் ஒன்று இருக்கிறது என்றால் எனக்குத் தூக்கம் வருமா?

அந்த ஞாயிறு, பெட்ரோல் தட்டுப்பாட்டுக்காக ஊரில் யாரும் கார் ஓட்டக்கூடாது என்று அரசாங்கம் சொல்லியிருந்த ஞாயிறு. நடுரோட்டில் ஜனங்கள் குடும்பத்தோடு உலாவினார்கள். நாங்களும் சந்திரமௌலி வீட்டுக்கு நடந்தே போனோம். சில மாணவர்களும் வந்திருந்தார்கள். சுவரில் வெள்ளைப் படுக்கை விரிப்பு. ஜன்னல் திரையை இழுத்துவிட்டு சந்திரமௌலி ஸ்லைடு காட்ட ஆரம்பித்தார். முதல் வரிசையில் ஃப்ராவ் ஐசலே, மடியில் பஜ்ஜித் தட்டோடு. நாகலட்சுமி கதவோரம் நின்றாள்.

முதலில் ஏரி. அதன் மேல் புகை மாதிரி எழும்பி நின்ற பூச்சிக் கூட்டம். "அதைப் புடிச்சு அடை தட்டிச் சாப்பிடறாங்க" என்றார். பஜ்ஜி எடுக்கப் போன மாணவன் கையை இழுத்துக்கொண்டான். பிறகு ஒரு குஜராத்திக் கடைக்காரர், துவரம்பருப்பு மூட்டையோடு. பிறகு வந்தது லேண்ட் ரோவர். ஸ்டியரிங்கைப் பிடித்தபடி சந்திரமௌலி, ராஜா மாதிரி.

"மண் ரோடு நடேசன். கொஞ்சம் கையை விட்டா ஏரிக்குள்ளதான். விடாம ஓட்டினேன்" என்றார் தமிழில். அதையே ஜெர்மனிலும் சொன்னார்.

நாகலட்சுமி தரையைப் பார்த்தாள்.

அடுத்த படத்திலும் அவர்தான் ஸ்டியரிங்கில். ஆனால் என் கண் கீழே போயிற்று. டிரைவர் கதவுக்குக் கீழே மண்ணில் ஒரு ஜோடி செருப்பு. பச்சை வார், சின்னது. அதற்கு முந்தைய படத்திலும் அது இருந்ததாக ஞாபகம்.

"சார், அது யாரு செருப்பு?" என்றேன்.

"எது? அதுவா... காய வச்சிருந்தோம்."

"டிரைவர் கதவுகிட்டயா?"

"அங்கதான்யா வெயில் நல்லா அடிக்கும்."

மாணவர்கள் சிரித்தார்கள். அவர் அவசரமாக அடுத்த படத்துக்குப் போனார். மாமரத்தடியில் வண்டி. ஜன்னலில் அவர் முகம். கீழே அதே பச்சைச் செருப்பு.

"இங்கயும் காயுதுங்களா? மர நிழலாச்சே!" என்றேன்.

"நடேசா, வாயை மூடிட்டு பஜ்ஜி சாப்பிடு."

அவர் பொத்தானை அழுத்தினார். அடுத்தது ஓர் ஆறு. அக்கரையில் ஒரு தோணிக்காரர், இடுப்பளவு தண்ணீரில் நிற்கிறார். ஒரு கையில் கழி. இன்னொரு கையைத் தலைக்கு மேலே உயர்த்தி, கொடி மாதிரி அந்தப் பச்சைச் செருப்பைக் காட்டிக்கொண்டிருக்கிறார். முகமெல்லாம் சிரிப்பு.

ஃப்ராவ் ஐசலே ஜெர்மனில் கேட்டார்: "இவர் ஏன் செருப்பைத் தூக்கிக் காட்டுகிறார்?"

சந்திரமௌலி பொத்தானிலிருந்து கையை எடுத்தார். நாகலட்சுமி காலித் தட்டுகளை எடுத்துக்கொண்டு சமையலறைப் பக்கம் திரும்பினாள்.

"நாகு" என்றார் அவர். "போகாத. இங்க வந்து உக்காரு."

"காபி வைக்கணுங்க."

"காபி கெடக்கு. உக்காரு."

அவள் உட்கார்ந்தாள். அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, ஃப்ராவ் ஐசலேயைப் பார்த்து, ஜெர்மனில் நிதானமாகச் சொன்னார். எனக்குப் புரிந்த வரையில் எழுதுகிறேன்.

"வண்டி ஓட்டியது இவள். முதல் நாளிலிருந்து கடைசி நாள் வரை. எனக்கு லைசென்ஸ் கிடையாது. பரீட்சையில் தோற்றுத் தோற்று விட்டுவிட்டேன். படத்துக்காக ஸ்டியரிங்கில் உட்கார்ந்தேன். ஊருக்குப் போனதும் எல்லாரிடமும் உண்மையைச் சொல்கிறேன் என்று அந்த ஏரிக்கரையில் இவளிடம் சத்தியம் செய்தேன். இங்கே வந்ததும் வெட்கமாகப் போய்விட்டது."

அந்த லட்டு இரண்டு வருஷம் கழித்து என் தொண்டையில் அடைத்தது.

பிறகு அவர் அந்த ஆற்றின் கதையைச் சொன்னார். பாலம் கிடையாது. கயிற்றைப் பிடித்து இழுக்கும் மிதவை. கரையிலிருந்து மிதவைக்கு இரண்டே பலகை, அதன் மேல் வண்டியை ஏற்ற வேண்டும். இவர் மிதவையில் நின்றுகொண்டு இடது, வலது என்று கை காட்டியிருக்கிறார், பதற்றத்தில் எல்லாம் தப்பும் தவறுமாக. அவள் இவரைப் பார்க்கவே இல்லை. பலகையை மட்டும் பார்த்து ஏற்றிவிட்டாள். முந்தைய வாரம் ஆயுத பூஜைக்குச் சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம் வைத்த வண்டி, அதனால் வெறுங்கால். ஆற்றைத் தாண்டிய பிறகுதான் செருப்பு அந்தக் கரையிலேயே நிற்பது தெரிந்தது. மிதவையும் அதற்குள் அந்தக் கரைக்கே திரும்பியிருந்தது. படத்தில் இருந்த தோணிக்காரர்தான் செருப்பைக் கண்டெடுத்துத் தூக்கிக் காட்டி, அடுத்த நடையில் கொண்டுவந்து கொடுத்தாராம்.

"ஏரி முழுக்க இப்படித்தான்" என்றார் எங்களிடம் தமிழில். "கழட்டி வச்சிட்டு ஏறுவா, அப்படியே கெளப்பிடுவா. நான் எத்தனை தடவை எறங்கி ஓடியிருக்கேன் தெரியுமா? அதான்யா நான் பண்ண டிரைவிங்கு!"

"நீங்க எறங்கி ஓடினதுனாலதான் இளைச்சீங்க" என்றாள் நாகலட்சுமி. அவள் எங்கள் முன்னால் அவரைக் கிண்டல் செய்து அன்றுதான் கேட்டேன்.

ஃப்ராவ் ஐசலே மட்டும் சிரிக்கவில்லை. அவர் நாகலட்சுமியின் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வெறுங்காலோடு என் குழந்தைகளை ஏற்ற முடியாது" என்றார்.

நாகலட்சுமியின் முகம் வாடிப்போயிற்று. "ஷூவோட ஓட்டுறேன்" என்று சின்னக் குரலில் சொன்னாள்.

"எதற்கு? எங்கள் பள்ளியில் ஒவ்வொரு குழந்தையும் வாசலில் ஷூவைக் கழற்றிவிட்டு, உள்ளே போடும் துணிச் செருப்பை மாட்டிக்கொள்ளும். அழுக்கு உள்ளே வரக்கூடாது. உங்களுக்கும் ஒரு ஜோடி, குதிகால் மூடியது, ரப்பர் அடி வைத்தது. வேனுக்குள்ளேயே இருக்கட்டும். தெருவில் படவே வேண்டாம். அது உங்கள் சாமிக்குச் சம்மதமா?"

நாகலட்சுமி கொஞ்சம் யோசித்தாள். "வேனுக்குப் பொட்டு வைக்கலாமா?"

"என்ன நிறம்?"

"செவப்பு."

"சிவப்பு எங்கள் பிள்ளைகளுக்குப் பிடிக்கும்" என்றார் அந்த அம்மாள். ஒரு பஜ்ஜியை எடுத்துக் கடித்தார்.

ஈஸ்டருக்குப் பிறகு நாகலட்சுமி வேன் ஓட்டினாள். முகப்பில் குங்குமப் பொட்டு, உள்ளே சாம்பல் நிறத் துணிச் செருப்பு. ஒரு விஷயம் மட்டும் மாறவில்லை. வெயில் வந்த மே மாதத்துக் காலைகளில், வேன் கிளம்பிப் போன இடத்தில், நடைபாதை ஓரமாகப் பச்சை வார் செருப்பு நிற்கும். சந்திரமௌலி டிராமுக்குப் போகிற வழியில் குனிந்து எடுத்து, தூசியைத் தட்டி, பைக்குள் ஆராய்ச்சிக் காகிதங்களுக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்வார். சாயங்காலம் நேராகப் பாலர் பள்ளி வாசலுக்குப் போய் நிற்பார்.

"இன்னிக்கும் விட்டுட்டாங்களா சார்?" என்று பட்டறையிலிருந்து எட்டிப் பார்த்துக் கேட்பேன்.

"ஆமாய்யா" என்பார், பையைத் தட்டியபடி. "எறங்கி ஓடுறது என் வேலைதானே."